மொச்சை, தட்டைப்பயறு, ராஜ்மா: எதோடு எதைச் சேர்ப்பது, கூடவே என்ன குடிப்பது?

சென்னை_சமையல்:

வணக்கம். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் குறைவாக வந்ததால் டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்ததோடு, கீரையும் பயறும் தினமும் சாப்பாட்டில் இருக்கட்டும் என்றார். கீரை பிரச்சினை இல்லை, வீட்டில் எல்லோரும் சாப்பிடுவார்கள். பயறுதான் படுத்துகிறது. மொச்சை, தட்டைப்பயறு, கொள்ளு, ராஜ்மா, வெள்ளைக் கொண்டைக்கடலை, மலையிலிருந்து வரும் டபுள் பீன்ஸ் என்று மாற்றி மாற்றி வாங்குகிறேன், ஆனால் எதைச் சமைத்தாலும் அதே வெங்காயம், அதே தக்காளி, அதே மிளகாய்த்தூள் என்று கடைசியில் ஒரே ருசியில் வந்து நிற்கிறது. பையன் தட்டைப் பார்த்ததுமே "இன்னைக்கும் கொட்டையா" என்கிறான்.

எந்தப் பயறுக்கு எந்தக் காய், எந்த மசாலா, எந்தப் புளிப்பு பொருந்தும் என்று யாராவது சொல்லுங்கள். முழுச் செய்முறை வேண்டாம், அது எங்கும் கிடைக்கிறது. எது ஏன் சேர்கிறது என்று புரிந்துவிட்டால் மீதியை நானே பார்த்துக்கொள்வேன்.

அப்புறம் குடிப்பது. சாயங்காலம் சுண்டல் என்றால் எங்கள் வீட்டில் கூடவே டீ. மாமியார் மோர் குடிக்கச் சொல்கிறார், தோழி ஒருத்தி பயறோடு டீ குடித்தால் சத்து உடம்பில் சேராது என்கிறாள். மதியம் பயறுக் குழம்பு வைத்தால் மாமியாருக்கு ராத்திரி வரை வயிறு உப்புசம், அவருக்கு இதமாக என்ன கொடுக்கலாம்? மொச்சை வேறு சில நாள் எத்தனை விசில் விட்டாலும் தோல் கடிபட மாட்டேன் என்கிறது, அதற்கும் வழி இருந்தால் சொல்லுங்கள். நானும் மாமியாரும் சைவம், மற்ற இருவரும் மீன், கருவாடு எல்லாம் சாப்பிடுவார்கள்.


ஈரோட்டுக்_கைமணம்:

தட்டைப்பயறுக்குக் கத்தரிக்காய்தாங்க துணை, அதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம். எங்கள் பக்கம் தட்டைப்பயறும் கத்தரிக்காயும் போட்ட குழம்பு இல்லாமல் ஒரு வாரம் போகாது. பயறு மாவாக இருக்கும், வாயில் போட்டால் ஈரத்தையெல்லாம் உறிஞ்சும். கத்தரிக்காய் அதற்கு நேர் எதிர், எண்ணெயில் வதங்கி, குழம்பில் பாதி கரைந்து, அந்த வறட்சியைப் போக்கிவிடும். மசாலாவுக்கு மல்லி, வரமிளகாய், சீரகம், கொஞ்சம் மிளகு, கை நிறையச் சின்ன வெங்காயம், எல்லாவற்றையும் வறுத்துத் தேங்காயோடு அரைத்து ஊற்ற வேண்டும். இதில் சின்ன வெங்காயத்தை விட்டுவிட்டுப் பெரிய வெங்காயம் போட்டால் அது வேறு குழம்பு. மிளகாய்த்தூள் டப்பாவை அன்றைக்குத் தொடாதீங்க, உங்களுக்கு எல்லாம் ஒரே ருசியாக வருவதற்கு அந்த டப்பாதான் காரணம் என்று நினைக்கிறேன்.

கொள்ளு தனி ரகம். அதற்குக் காயே வேண்டாம். கொள்ளில் ஒரு காட்டமான மண்வாசனை இருக்கிறது, அதோடு போட்டி போடும் எதுவும் கூட வரக்கூடாது. பூண்டு, சீரகம், வரமிளகாய், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, அவ்வளவுதான். லேசாக வறுத்து, ஊற வைத்து, நிறையத் தண்ணீரில் வேக வைத்து, தண்ணீரை இறுத்துத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, கொள்ளை இந்தச் சாமான்களோடு சேர்த்துக் கடைந்தால் கொள்ளுப் பருப்பு. சூடான சோறு, மேலே நல்லெண்ணெய். நெய்யும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் கொள்ளுக்கு நல்லெண்ணெய்தான் பொருத்தம், இரண்டுக்கும் அந்த லேசான கசப்பு பொது.

இறுத்து வைத்த தண்ணீரைக் கொட்டிவிடாதீங்க! அதில் புளி, மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு ரசம் வைத்து, டம்ளரில் ஊற்றிச் சூடாக அப்படியே குடிக்கலாம். நீங்கள் கேட்ட "கூடவே என்ன குடிப்பது" என்பதற்கு எங்கள் ஊர்ப் பதில் அதுதான், கொள்ளுக்குக் கொள்ளு ரசமே குடிதண்ணீர். கடைசியில் மோர்ச்சோறு. "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று சொன்னவர்கள் அந்த எள்ளையும் எண்ணெயாக்கிக் கொள்ளின் தலையிலேயே ஊற்றித்தான் சாப்பிட்டிருக்கிறார்கள்.


உணவியல்_மேசை:

நான் உணவியல் நிபுணராக வேலை செய்கிறேன், கேள்வியில் உடம்பு சம்பந்தப்பட்ட பகுதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன், ருசிக்கு மற்றவர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் தோழி சொன்னது சரி. பயறில் இரும்புச்சத்து நன்றாகவே இருக்கிறது, கொள்ளில் 100 கிராமுக்கு 8 மில்லிகிராமுக்கு மேல். ஆனால் தாவர உணவில் வரும் இரும்பை நம் குடல் அவ்வளவு எளிதில் உறிஞ்சாது. டீயில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதையும் பிடித்துக் கட்டிப்போட்டுவிடும். காபியும் அப்படித்தான், டீ அளவுக்கு இல்லை. நேர்மாறாக, வைட்டமின் சி இருக்கும் எதைச் சேர்த்தாலும் உறிஞ்சுவது கூடும். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யாப்பழம், குடைமிளகாய், வேக வைக்காத தக்காளித் துண்டு, மாங்காய், எதுவானாலும் அதே வேளையில் வயிற்றுக்குள் போக வேண்டும். காலையில் நெல்லிக்காய்ச் சாறு குடித்துவிட்டு மதியம் கொள்ளு சாப்பிட்டால் அந்தப் பலன் கிடைக்காது.

அதனால் சுண்டலோடு டீ வேண்டாம். சுண்டலோடு எலுமிச்சைச் சாறு குடியுங்கள், டீயை ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். டீயை விட்டே ஆக வேண்டும் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை, சொன்னாலும் கேட்க மாட்டார்கள், நேரத்தை மட்டும் தள்ளி வைத்தால் போதும். எலுமிச்சையைச் சுண்டலில் பிழிவதானால் அடுப்பை அணைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு பிழியுங்கள், வைட்டமின் சி கொதியில் அழிந்துவிடும். உங்கள் மாத்திரைக்கும் இதே கணக்குத்தான், எந்த வேளையில் எதோடு போட வேண்டும் என்று டாக்டரிடம் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

மொச்சையின் தோலுக்கு வருகிறேன். முதலில் பாருங்கள், புளித்தண்ணீரிலோ தக்காளியிலோ மொச்சையைப் போட்டு வேக வைக்கிறீர்களா? புளிப்பு இருந்தால் பயறின் செல்களை ஒட்டி வைத்திருக்கும் பெக்டின் கரையாது, நீங்கள் பத்து விசில் விட்டாலும் அது அசையாது. மலர வெந்த பிறகுதான் புளி, தக்காளி எல்லாம். இரண்டாவது, தண்ணீர். சென்னையில் பல இடங்களில் போர் தண்ணீர் கடினத்தண்ணீர், அதில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் அதே பெக்டினை இன்னும் இறுக்கிவிடும். ஒரு தடவை கேன் தண்ணீரில் ஊற வைத்து, கேன் தண்ணீரிலேயே வேக வைத்துப் பாருங்கள். மூன்றாவது, ஊறும் தண்ணீரில் உப்பு போடலாம். உப்பு போட்டால் வேகாது என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள், உண்மை அதற்கு மாறானது, உப்பில் இருக்கும் சோடியம் தோலில் இருக்கும் கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் தோல் மெத்தென்று வரும். ஒரு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி போதும், ராத்திரி முழுவதும் ஊறட்டும், காலையில் அலசிவிட்டுச் சமையுங்கள். ஆப்ப சோடாவும் வேலை செய்யும், ஆனால் பி1 வைட்டமினைக் கெடுக்கும், கூடிப்போனால் சோப்பு வாடை அடிக்கும், அதனால் நான் பரிந்துரைப்பதில்லை. இவ்வளவும் செய்து வேகவில்லை என்றால் அது பழைய சரக்கு. சூட்டிலும் ஈரத்திலும் மாதக்கணக்கில் கிடந்த பயறு எதற்கும் மசியாது, கடையை மாற்றுங்கள்.

ராஜ்மாவுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. பச்சையாகவோ அரைவேக்காடாகவோ சாப்பிடவே கூடாது. அதில் இருக்கும் லெக்டின் என்ற ஒரு வகைப் புரதம் சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும், நாலைந்து கொட்டையே போதும். குறைந்தது 5 மணி நேரம் ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்க வேண்டும். பிரஷர் குக்கரில் ஏறக்குறைய 120 டிகிரி வரை போவதால் மசிய வெந்தால் கவலை இல்லை. கொதிக்காமல் மந்தமான சூட்டில் மணிக்கணக்கில் வேக வைக்கும் மின்சாரப் பாத்திரங்களில் நேரடியாகப் போடாதீர்கள், அந்தச் சூட்டில் லெக்டினின் வீரியம் கூடத்தான் செய்யும்.


சென்னை_சமையல்:

இரண்டு பேருக்கும் நன்றி. கேன் தண்ணீர் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, எங்கள் குடியிருப்பில் போர் தண்ணீர்தான், பாத்திரமெல்லாம் வெள்ளை படியும். ஒரு சந்தேகம்: ஈரோட்டுக்காரர் தண்ணீரைக் கொட்டாதீர்கள் என்கிறார், உணவியல் மேசை கொட்டச் சொல்கிறார். எதைக் கேட்பது?


ஈரோட்டுக்_கைமணம்:

நான் சொன்னது வேக வைத்த தண்ணீருங்க. ஊற வைத்த தண்ணீர் வேறு, அதை நாங்களும் கொட்டிவிடுவோம்.


உணவியல்_மேசை:

அதேதான். வாயு உண்டாக்கும் ஒரு வகைச் சர்க்கரைகள் பயறில் இருக்கின்றன, நம் சிறுகுடலால் அவற்றைச் செரிக்க முடியாது, பெருங்குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் புளிக்க வைப்பதால்தான் உப்புசம். ஊறும்போது அதில் ஒரு பகுதி தண்ணீரில் இறங்கிவிடும், அதனால் அந்தத் தண்ணீர் போகட்டும். முளை கட்டினால் இன்னும் குறையும், மாமியாருக்கு முளை கட்டிய பச்சைப்பயறிலிருந்து தொடங்குங்கள், கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் கூட்டினால் குடலும் பழகிக்கொள்ளும். மோர் அவருக்கு நல்லதுதான், தயிர் நிறையவும் தண்ணீர் குறைவாகவும் வேண்டாம், நீர்மோராகவே கொடுங்கள்.


தருமபுரி_களத்துமேடு:

மொச்சை என்றதும் வந்துவிட்டேன். காய்ந்த மொச்சையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறீர்கள், மார்கழி, தை மாதங்களில் வரும் பச்சை மொச்சையை ஏன் யாரும் சொல்லவில்லை? உரித்து வைத்த பச்சை மொச்சைக்கு ஊறலும் வேண்டாம், விசில் கணக்கும் வேண்டாம். பொங்கலுக்கு வைக்கிற கூட்டுக்குழம்பில் மஞ்சள் பூசணி, சர்க்கரைவள்ளி, வாழைக்காய், கத்தரிக்காய், அவரை என்று எத்தனை காய் விழுந்தாலும் நடுவில் மொச்சை இல்லாவிட்டால் குழம்பு நிற்காது. பூசணியும் வள்ளிக்கிழங்கும் இனிப்பு, புளி புளிப்பு, மிளகாய் காரம், இந்த மூன்றையும் வாங்கிக்கொண்டு சாதுவாக உட்கார ஒரு மாவுப்பண்டம் வேண்டும், அது மொச்சை. உங்கள் பையனுக்கு அந்த இனிப்பு பிடிக்கும், மொச்சையோடு சர்க்கரைவள்ளியைச் சேர்த்துப் பாருங்கள்.

தோல் பிரச்சினைக்கு எங்கள் பக்கத்து வழி, தோலையே எடுத்துவிடுவது. மொச்சையை ராத்திரி ஊற வைத்து, காலையில் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு பிதுக்கு. பருப்பு வழுக்கிக்கொண்டு கிண்ணத்தில் விழும், தோல் கையிலேயே தங்கும். பிதுக்கம்பருப்பு. பிதுக்கிய பருப்பு வேகமாக வெந்துவிடும், குழம்பில் வெண்ணெய்போல் இருக்கும், வயிற்றுக்கும் தோலோடு சாப்பிடுவதைவிட லேசு. உட்கார்ந்து பிதுக்க நேரம் பிடிக்கும், டிவி பார்த்துக்கொண்டே நாலு பேர் உட்கார்ந்தால் முடிந்துவிடும். இதற்குப் பட்டை, கிராம்பு, சோம்பு, கசகசா, தேங்காய் என்று கறிக்குழம்பு மசாலாவே பொருந்தும், புளி வேண்டாம், தக்காளி மட்டும் போதும்.

தொட்டுக்கொள்ள எல்லோரும் சோறு என்றே நினைக்கிறார்கள், மொச்சைக் குழம்பின் நிஜமான ஜோடி கேழ்வரகுக் களி. களியில் உப்பைத் தவிர ஒன்றும் கிடையாது, உருட்டிக் குழம்பில் தோய்த்து மெல்லாமல் விழுங்குவது, அதனால் குழம்பு காரசாரமாக இருந்தே ஆக வேண்டும். ஒரு வேளை களி, மொச்சைக் குழம்பு, கடித்துக்கொள்ளப் பச்சை வெங்காயம், மேலே ஒரு சொம்பு நீர்மோர், இதற்குப் பிறகு சாயங்காலம் வரைக்கும் பசி என்று ஒன்று தெரியாது.

உங்கள் வீட்டில் கருவாடு சாப்பிடுகிற இருவருக்கும் தனியாக ஒரு சட்டியில் மொச்சையும் கத்தரிக்காயும் போட்டு நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்துக் கொடுங்கள். கருவாட்டின் உப்பு மொச்சைக்குள் இறங்குகிறது பாருங்கள், அதை வேறு எந்தச் சாமானும் செய்யாது. கருவாட்டை வெந்நீரில் அலசி, குழம்பு கொதித்து வந்த பிறகு கடைசியாகப் போட வேண்டும், உப்பைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும். மறுநாள் சுண்ட வைத்தது இன்னும் நன்றாக இருக்கும், கம்பங்கூழ் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள்.


நாஞ்சில்_அடுக்களை:

மாமியாருக்காக இதை எழுதுகிறேன். எங்கள் ஊரில் வயிறு சரியில்லை என்றாலும், காய்ச்சல் என்றாலும், ஒன்றும் இல்லை சும்மா சாப்பிடத் தோன்றுகிறது என்றாலும் கஞ்சியும் பயறும்தான். சம்பா அரிசிக் கஞ்சி, சிறுபயறுத் துவரன், சுட்ட பப்படம், மாங்காய் ஊறுகாய். துவரனுக்குத் தேங்காயோடு பச்சை மிளகாய், சீரகம், ரெண்டு பல் பூண்டு சேர்த்து ஒன்றிரண்டாகச் சதைத்து, வெந்த பயறில் போட்டுப் புரட்டி, தேங்காய் எண்ணெயில் கடுகு தாளிக்க வேண்டும். அரைத்துவிடக்கூடாது, சதைக்க வேண்டும். தேங்காய் எண்ணெயை விட்டுவிட்டு ரீபைண்ட் எண்ணெயில் தாளித்தால் சிறுபயறுக்கு உயிரே இருக்காது.

இதில் குடிப்பதற்கு வேறு எதுவும் தேட வேண்டாம், கஞ்சித் தண்ணியே போதும். உறைப்பும் உப்பும் பயறில், தண்ணீரும் இதமும் கஞ்சியில், புளிப்பு ஊறுகாயில். ஈரோட்டு அக்கா கொள்ளு ரசத்தைக் கொள்ளோடு குடிக்கச் சொன்னார்கள் இல்லையா, அதே மாதிரிதான் இதுவும்.

சாப்பிட்ட பிறகு சீரகத் தண்ணி. சீரகத்தைப் போட்டுக் கொதிக்க வைத்து வெதுவெதுப்பாக மேசையில் வைத்துவிடுங்கள், மாமியார் அவர் பாட்டுக்குக் குடித்துக்கொண்டிருப்பார். மொச்சை, கொண்டைக்கடலை மாதிரி கனமான நாட்களில் சுக்குக் காபி. சுக்கு, மல்லி, கொஞ்சம் மிளகு, கருப்பட்டி. காபி என்று பெயர்தான், காபித்தூள் போடுவதும் போடாததும் அவரவர் வீட்டு வழக்கம், இரும்புச்சத்து கணக்கைப் பார்த்தால் நீங்கள் போடாமல் விடுவதே நல்லது.

புட்டுக்குப் பயறும் பப்படமும் என்று ஒரு கூட்டு உண்டு, பையனுக்குக் காலை டிபனாகச் செய்து கொடுங்கள். கூட ஒரு பேயன் பழம் பிசைந்துகொண்டால் கொட்டை என்றே சொல்ல மாட்டான்.


யாழ்ப்பாணத்துச்_சட்டி:

எல்லாரும் தேத்தண்ணியை விரட்டுறீங்கள், நான் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போகிறேன். எங்களிடம் காலமைச் சாப்பாட்டுக்குக் கௌபி, அதாவது உங்கள் தட்டைப்பயறு, அவிப்பது சாதாரணம். அவித்த கௌபிக்குள் தேங்காய்ப்பூ, கடுகு, செத்தல் மிளகாய், வெங்காயம் தாளித்துப் போட்டு, பக்கத்தில் கட்டைச் சம்பலும் வைத்துச் சாப்பிட்டால், அதன் பிறகு பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு சூடான பிளேன்ரீ குடிக்காமல் எழும்ப மனம் வராது. கௌபியின் மாத்தன்மைக்கும் சம்பலின் உறைப்புக்கும் அந்தச் சாயத்தின் கயர்ப்புத்தான் வாயைத் துடைத்துவிடும். பால் விட்ட தேத்தண்ணி இதுக்குச் சரிவராது, அது வாயில் படிந்து நிற்கும். ருசிக்கு இது நல்ல சோடி என்பதை ஒருவரும் மறுக்க ஏலாது.

கட்டைச் சம்பலுக்குள் தேசிக்காய், அதாவது உங்கள் எலுமிச்சை, பிழிகிறோம், அது உணவியல் மேசை சொன்ன புளிப்புக் கணக்கில் வரும் என்று நினைக்கிறேன்.

மற்றது, காய்ந்த பயறைத்தான் எல்லாரும் எழுதியிருக்கிறீர்கள், பச்சைக்காயையும் விடாதீர்கள். போஞ்சியை, அதாவது நீங்கள் பீன்ஸ் என்கிற காயை, தேங்காய்ப்பாலில் வெள்ளைக்கறியாக வைத்தால் அதற்கு மஞ்சள், பச்சை மிளகாய், வெந்தயம், கறிவேப்பிலைக்கு மேலே ஒன்றும் வேண்டாம், இறக்கிய பிறகு தேசிப்புளி விட வேணும், அடுப்பில் இருக்கும்போது விட்டால் பால் திரைந்து போகும். பயற்றங்காயை ஒடியற் கூழுக்குள், அதாவது காயவைத்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் கூழுக்குள், போடுவோம். நண்டு, இறால், மீன், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, முருங்கையிலை, அதுக்குள் பழப்புளியும் செத்தல் மிளகாயும் அரைத்துக் கரைத்தால், பலாக்கொட்டையும் பயற்றங்காயும் அந்த உறைப்பையும் புளிப்பையும் குடித்துக்கொண்டு நிற்கும். கூழ் என்றபடியால் அதுவே சாப்பாடு, அதுவே குடிப்பதும்.


உணவியல்_மேசை:

யாழ்ப்பாணத்துக்காரர் சொன்ன ருசியை நான் மறுக்கவில்லை. எண்ணெயும் மாவும் படிந்த நாக்கைத் துவர்ப்பு துடைத்துவிடும், அதனால்தான் வடைக்கும் பஜ்ஜிக்கும் கூட நமக்கு டீ தேவைப்படுகிறது. ஆனால் அந்தத் துவர்ப்பே டானின்தான், வாயைத் துடைக்கிற அதே பொருள்தான் இரும்பையும் பிடிக்கிறது. ரத்தத்தில் இரும்பு சரியாக இருப்பவர்கள் கௌபியும் பிளேன் டீயுமாகத் தாராளமாகச் சாப்பிடலாம், எலுமிச்சை பிழிந்த சம்பல் கொஞ்சம் ஈடுகட்டவும் செய்யும். கேள்வி கேட்டவர் குறைவில் இருப்பவர், அவர் எண்கள் ஏறும் வரைக்கும் தள்ளித்தான் வைக்க வேண்டும்.

துவர்ப்பே வேண்டும் என்று நாக்கு கேட்டால் மாதுளை முத்துகளைச் சுண்டலில் தூவுங்கள், அதில் கொஞ்சம் துவர்ப்பு உண்டு, வைட்டமின் சியும் உண்டு.


ஜம்முவில்_ஒரு_தமிழன்:

வேலை நிமித்தம் சில வருடங்களாக இங்கே இருக்கிறேன், ராஜ்மாவைப் பற்றி நான் சொல்கிறேன். மாதுளை என்று மேலே பார்த்ததும் எழுதத் தோன்றியது, ஏனென்றால் ஜம்மு – ஸ்ரீநகர் நெடுஞ்சாலையில் பீடா என்ற இடத்தில் ராஜ்மா சோற்றுக் கடைகள் வரிசையாக இருக்கும், அங்கே ராஜ்மாவின் மேல் நெய்யை ஊற்றி, தொட்டுக்கொள்ளக் காட்டு மாதுளை விதைச் சட்னி கொடுப்பார்கள். புதினா, பச்சை மிளகாய் போட்டு அரைத்த, பல் கூசும் புளிப்பு. ராஜ்மாவுக்குள் புளிப்பு குறைவு, வெளியே தட்டில் புளிப்பு அதிகம், அதனால் ஒவ்வொரு வாய்க்கும் எவ்வளவு வேண்டும் என்பதை நாமே முடிவு செய்துகொள்ளலாம், இது எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு. சென்னையில் காட்டு மாதுளை கிடைக்காவிட்டால் புதினாவோடு மாங்காய் அரைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே பதர்வா பகுதியில் விளையும் ராஜ்மா சின்னதாக, கருஞ்சிவப்பாக இருக்கும், 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பெரிய ராஜ்மாவைவிட இதன் தோல் மெல்லியது, குழம்பு தானாகவே கெட்டியாகும். எந்த ராஜ்மாவானாலும் நம் சாம்பார் பொடியைப் போட வேண்டாம் என்பதே என் கருத்து. ராஜ்மாவுக்கு இஞ்சி, பூண்டு, சீரகம், பெருங்காயம், சோம்பு, சுக்குப்பொடி, கடைசியில் கரம் மசாலா. பருப்பும் வெந்தயமும் அரைத்த பொடி அதன் மேல் போய் அப்பிக்கொண்டு நிற்கும், உள்ளே இறங்காது. குடிக்க உப்பு லஸ்ஸி, வறுத்த சீரகப்பொடி தூவி. இனிப்பு லஸ்ஸி ராஜ்மாவோடு சேர்ந்தால் வயிறு கனத்துப்போய் மதியம் எந்த வேலையும் நடக்காது.


சென்னை_சமையல்:

எவ்வளவு எழுதியிருக்கிறீர்கள்! பிதுக்கம்பருப்பை இன்று காலையில் செய்தேன், மாமியாரும் பையனும் உட்கார்ந்து பிதுக்கினார்கள், பையன் சாப்பாட்டில் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. வேகவும் வைத்தது கேன் தண்ணீரில்தான். இரண்டு பாக்கி இருக்கிறது. ஒன்று, டபுள் பீன்ஸைப் பற்றி யாரும் சொல்லவில்லை. இரண்டாவது, சாயங்காலச் சுண்டலுக்கு எலுமிச்சைச் சாறு சரி, ஆனால் வீட்டில் சோடா கலந்துதான் கேட்கிறார்கள், அது பரவாயில்லையா?


மயிலாப்பூர்_மாடிவீடு:

டபுள் பீன்ஸுக்கு நான் இருக்கிறேன். கொடைக்கானல், ஊட்டியிலிருந்து பச்சையாக வரும்போது வாங்கி உரித்துவிடுங்கள், அதன் இனிப்பும் வழுவழுப்பும் மென்மையானவை, புளி, மல்லிப்பொடி, மிளகு எதைப் போட்டாலும் அடங்கிப்போய்விடும். தேங்காய், முந்திரி, சோம்பு, பச்சை மிளகாய் அரைத்த வெள்ளைக் குருமாவில் உருளைக்கிழங்கோடு போடுங்கள், இடியாப்பத்துக்கும் சப்பாத்திக்கும் நன்றாக இருக்கும். காளான் சேர்ந்தால் இன்னும் நல்லது. பிரியாணியில் போடுவதானால் புதினாவைக் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் டபுள் பீன்ஸ் இருப்பதே தெரியாது. இதோடு குடிக்க எனக்குப் பிடித்தது இளநீர், குருமாவில் இருக்கும் தேங்காய்க்கும் அதற்கும் ஒரே ஜாதி ருசி. இதையும் நன்றாக வேக வைத்துத்தான் சாப்பிட வேண்டும், உரிக்கும்போது பச்சையாக வாயில் போட்டுக்கொள்ளும் பழக்கம் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

சோடா வேண்டாம். பயறே வாயு, அதன் மேல் சோடாவின் வாயுவையும் ஊற்றினால் மாமியார்தான் அவதிப்படுவார். கோலி சோடா, பன்னீர் சோடா எல்லாவற்றுக்கும் இதே பதில். வெயில் நாளில் நன்னாரி சர்பத்தில் எலுமிச்சை பிழிந்து சாதாரணத் தண்ணீரில் கலந்து கொடுங்கள், சோடாவைக் கேட்க மாட்டார்கள். வெல்லம், எலுமிச்சை, சுக்கு, ஏலக்காய் போட்ட பானகமும் சுண்டலுக்கு அருமையாகச் சேரும், சுண்டலின் உப்புக்கும் காரத்துக்கும் அந்த வெல்லம் எதிர்ப்பாட்டு பாடும்.

மெரினாவில் விற்கும் பட்டாணிச் சுண்டலை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள், பட்டாணி, தேங்காய்க் கீற்று, மாங்காய்த் துண்டு, அவ்வளவுதான். கொழுப்புக்குத் தேங்காய், புளிப்புக்கு மாங்காய், அதுவும் வேகாத மாங்காய், பட்டாணி வெந்து ஆறிய பிறகு விழுவது. உணவியல் மேசை மேலே விளக்கி எழுதியதைத் தேங்கா மாங்கா பட்டாணி சுண்டல் விற்கிற பையன் தினமும் பொட்டலம் கட்டிக் கொடுக்கிறான். வீட்டில் கறுப்புக் கொண்டைக்கடலைக்கு இதையே செய்யுங்கள். வெள்ளைக் கொண்டைக்கடலைக்கு மாங்காயைவிட எலுமிச்சையும் இஞ்சித் துருவலும் பொருத்தம், காராமணிச் சுண்டலுக்கு வெல்லம் போட்டு இனிப்பாகச் செய்தால் பையனுக்குப் பள்ளிக்குக் கொடுத்து அனுப்பலாம்.


ஈரோட்டுக்_கைமணம்:

பெருங்காயத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி முடித்துக்கொள்கிறேன். தாளிப்பில் ஒரு சிட்டிகை தூவுவதைவிட, கட்டிப் பெருங்காயம் வாங்கி, ஒரு சின்னத் துண்டைப் பயறு வேகும்போதே குக்கருக்குள் போட்டுவிடுங்க. தண்ணீரிலேயே கரைந்து பயறுக்குள் போய்விடும், வாசனையும் தூக்கலாக இருக்காது. மொச்சைக்கு அதோடு நாலு பல் பூண்டை உரிக்காமல் போடுங்க. வெந்த பிறகு தோலைப் பிதுக்கிப் போட்டுவிட்டு அந்தப் பூண்டைக் குழம்பிலேயே மசித்துவிடலாம். பையன் வீட்டில் இருக்கிறானில்லைங்க, பிதுக்குவதற்கு இப்போது பழகியிருப்பான்.